இசக்கி ஊருக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன்

எங்கள் சந்தில் பகல் முழுக்க எந்தக் கதவும் சாத்தியிருக்காது. வாசலில் ஒரு திரை தொங்கும், அவ்வளவுதான். வருகிறவர் திரைக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ரொம்பத் தெரிந்தவர் என்றால் கூப்பிடாமலே தலையை நீட்டுவார். தாராவிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் என் வீட்டுக் கதவை ஒருவர் விரலால் தட்டி நான் கேட்டதில்லை. கொரோனா வந்த பிறகுதான் அந்தச் சத்தம் எங்கள் சந்துக்குள் வந்தது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். டக் டக் என்று தட்டினால் அது சர்க்கார் ஆள். நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி, கையில் நோட்டு, உடம்பெல்லாம் பிளாஸ்டிக் கோட்டு. அந்தத் தட்டுக்கு நான் சொன்ன ஒரு பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிற அண்ணன் பிள்ளைகளும், இங்கே என் சந்தில் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவன். பள்ளிக்கூடமே இல்லாத வருடத்தில் பை யாருக்கு? பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். வீடு என்றால் கீழே ஒரு அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே தகரக் கூரைக்கு அடியில் இன்னொரு தட்டு. அதை இங்கே மாலா என்பார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அந்த மாலாதான் அந்த வருடம் என் மகள் இசக்கிக்குப் பத்தாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே போன். காலையில் அவள் அதை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வசந்தா டீச்சரின் குரல் விட்டு விட்டு வரும்.

வசந்தா டீச்சர் அவளுக்கு வகுப்பு டீச்சர், தமிழ் டீச்சர். சான்பாடாவில் வீடு. வாத்தியார்மாரை லோக்கல் ரயிலில் ஏற்றாத நாட்கள் அவை. அவர் மூன்று பஸ் மாறிப் பள்ளிக்கூடம் வந்து போவார். விடைத்தாளைப் பிள்ளைகள் போட்டோ பிடித்து அனுப்ப, அதை உள்ளங்கை அகலப் போன் கண்ணாடியில் பார்த்துத் திருத்துவார். கண் சிவந்து தண்ணீர் கொட்டும் என்று இசக்கி சொல்வாள். ஒருநாள் இசக்கியோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி போனில் செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் யாரோ "பானி ஆயா!" என்று கத்த, அவள் போனை வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். டீச்சர் போனை வைக்கவில்லை. குழாயடிச் சண்டையெல்லாம் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறார். அவள் மூச்சு வாங்க வந்ததும், "தண்ணி கிடைச்சுதா? சரி, மூணாவது அடியிலேர்ந்து சொல்லு" என்றாராம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்ன அன்று சந்துப் பிள்ளைகள் துள்ளினார்கள். இசக்கி துள்ளவில்லை. "பரீட்ச இல்லன்னா டீச்சர் போடுத மார்க்குதான்பா கணக்கு. எழுதிக் குடுக்கணும், வாயால கேட்டும் மார்க்குப் போடுவாவ" என்றாள். அவளுக்கு மாட்டுங்கா பக்கம் ஒரு காலேஜில் சயின்ஸ் சேர ஆசை. ரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மார்க்கு வந்தால்தான் அங்கே நுழைய முடியும்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி பேச்சியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமலும் சேர்ந்துகொண்டது. காய்ச்சல் என்று தெரிந்தால் வீட்டோடு அள்ளிக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள் என்று சந்தில் எல்லோருக்கும் பயம். எங்கே அடைப்பார்கள்? இசக்கியின் பள்ளிக்கூடத்திலேயே பாதியை அதற்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். பெஞ்சை அடுக்கி வைத்துவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். அதனால் நோட்டோடு ஆள் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: சப் காவ் கயா. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நிஜமாகவே பாதிப்பேர் போயிருந்ததால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அன்றும் கதவு தட்டியதும் பேச்சியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஏணி ஏறினாள். "ஊருக்குப் போயிட்டோம்னு சொல்லிருங்க" என்று மேலேயிருந்து கிசுகிசுத்தாள். பக்கத்தில் இசக்கி இருந்தாள்.

கதவைத் திறந்தேன். இரண்டு பெண்கள், இரண்டு பிளாஸ்டிக் கோட்டு. முன்னால் நின்ற மராட்டிக்கார அம்மா நோட்டை விரித்தாள்.

"கர் மே கோன் கோன் ஹை?" வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"மை அகேலா. பீவி, பேட்டி, சப் காவ் கயா." நான் மட்டும்தான், மனைவியும் மகளும் ஊருக்குப் போயாச்சு என்றேன்.

"அச்சா ஹுவா, பச் கயே" என்றாள். நல்லது, தப்பித்தார்கள் என்று அவள் என் குடும்பத்துக்காக மனதார மகிழ்ந்துவிட்டு எழுதிக்கொண்டாள். அப்போது பின்னால் நின்ற இன்னொரு கோட்டு முகத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டது.

"இசக்கியப்பா, இசக்கி ஊருக்குப் போயிட்டாளா? எப்போ?"

வசந்தா டீச்சர். வியர்வையில் முகம் வெந்துபோயிருந்தது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் கட்டுக் கட்டாகக் காகிதம். காய்ச்சல் பார்க்கிற வேலைக்கு வாத்தியார்மாரையும் அனுப்பியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இசக்கியின் டீச்சரே என் வாசலுக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் பிள்ளைகளே. பக்கத்தில் அந்த நோட்டு விரித்தபடி இருந்தது. அதில் மை காயவில்லை.

"நாலு நாளாச்சு டீச்சர்" என்றேன்.

"அடடா. பேப்பர் கொண்டு வந்திருக்கேனே. வாய்மொழியும் இன்னிக்கே கேட்டுடலாம்னு பார்த்தேன். போன் அவகிட்டதானே இருக்கு?"

"ஆமா டீச்சர்."

"சரி, நான் பேசிக்கறேன். கொஞ்சம் தண்ணி தருவீங்களா? இந்தச் சந்துல எவரும் எங்களுக்குத் தண்ணி தர்றதில்லை."

தந்தேன். காய்ச்சல்காரி குடித்த வீட்டுச் சொம்பில் தந்தேன். அவர் முகக்கவசத்தை இறக்கி மடமடவென்று குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக இன்னும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் போனதும் மேலேயிருந்து இசக்கி ஏணியில் பாதி இறங்கினாள். "அப்பா, டீச்சர்ட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்கப்பா. ஓடிப்போய்க் கூப்பிடட்டா?" என்றாள். பேச்சியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ரெண்டு நாள் பொறு, அம்மைக்குச் சரியாயிரட்டும்" என்றேன் நான். போன் ஊரில் இருக்கிறதென்று சொல்லியாகிவிட்டது. அடித்து எடுத்தால் பின்னால் சந்துச் சத்தம் கேட்டுவிடும். அதனால் அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். இரண்டு நாள் பன்னிரண்டு நாளானது. அத்தனை நாளும் இசக்கி மாலாவில் பாடத்தை வாய்விட்டுப் படிக்கவில்லை. சத்தம் வெளியே கேட்கக் கூடாதே. உதடு மட்டும் அசையும். அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பேச்சியம்மா எழுந்து உலை வைத்த அன்று காலையில் போனைப் போட்டேன். அது துள்ளியது. டீச்சர் கூப்பிட்டது, டீச்சர் கூப்பிட்டது, அண்ணன் கூப்பிட்டது, மறுபடி டீச்சர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அடித்துவிட்டான்.

"ஏல, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பிள்ள எங்கல?"

"இங்கதான் இருக்கா அண்ணே."

"அங்க இருக்காளா? பிள்ள பேருக்கு ஒரு தடிச்ச தபால் வந்துருக்கு. ஊருக்கு வந்து சேந்தாளான்னு கேட்டு டீச்சரம்மா எனக்கும் ஒரு கார்டு போட்டுருக்கா, அதுல நம்பரும் குடுத்துருக்கா. நான் கூப்புட்டு, இங்க யாரும் வரலியேன்னு சொன்னேன். அந்த அம்மா போன்ல அழுதுட்டாளேல! நான் மூணு நாளா ரயில்வே ஸ்டேஷன்ல போயி விசாரிச்சிட்டு வாரேன். போன எங்கல வச்சிருந்த?"

அரிசி டப்பாவில் என்று சொல்லாமல், டீச்சரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று போனை வைத்தேன்.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஒரு அறையில் மட்டும் வாத்தியார்மார் இருந்தார்கள். மூலையெல்லாம் விடைத்தாள் கட்டு. ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் நம் ரேஷன் கடை மாதிரி வரிசை. வசந்தா டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இசக்கியப்பா, பிள்ளை உயிரோட இருக்காளா?"

அந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் தலையை ஆட்டினேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் என்ன பூச்சாண்டியா?" என்றார். "அஞ்சாவதுலேர்ந்து உங்க பொண்ணு என்கிட்ட படிக்கறா. அந்தப் பிளாஸ்டிக் கோட்டைப் பார்த்தீங்க, என்னைப் பார்க்கலையே. இந்தச் சந்தெல்லாம் நானே கேட்டு வாங்கின ட்யூட்டி. காய்ச்சலும் பார்த்துடலாம், பிள்ளைங்களையும் பார்த்துடலாம்னு. சொல்லியிருந்தா ஏணிக்குக் கீழே நின்னே கேள்வி கேட்டிருப்பேன்."

"இப்ப வந்து கேளுங்க டீச்சர். இப்பவே கூட்டிட்டு வாரேன்."

"மார்க் நேத்தே ஏத்தியாச்சு. அந்த வேலைன்னு மூணு நாளா எங்களை இந்த அறையை விட்டு வெளியே விடலை, இல்லைன்னா உங்க வாசலுக்கே வந்திருப்பேன். முப்பத்தேழு பேருக்குக் கேட்டுப் போட்டேன். இசக்கிக்குக் கட்டத்தைக் காலியா விட்டுட்டு ராத்திரி வரைக்கும் உங்க நம்பரை அடிச்சேன். அப்புறம் வெறும் பாஸ் மார்க், யாரையும் ஃபெயில் பண்ணக் கூடாதுன்னு ஆர்டர்."

பக்கத்தில் இருந்த இன்னொரு டீச்சர், "நான் அப்பவே சொன்னேன், நல்ல பிள்ளைதானே, தாராளமாப் போட்டுடுங்கன்னு. யார் வந்து கேட்கப் போறா?" என்றார். வசந்தா டீச்சர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்: "குடத்தைத் தூக்கிட்டு ஓடிவந்து மூச்சு வாங்க ஒப்பிச்சாளே ஒருத்தி, அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? கேட்காத பதிலுக்கு மார்க் போட எனக்குக் கை வரலை, இசக்கியப்பா. நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. ஊரில் என் அப்பா, வாத்தியார் தெருவில் எதிர்ப்பட்டால் துண்டை இறக்குகிற ஆள். நானோ, வாத்தியார் என் வாசல் தேடி வந்து நின்றபோது பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அவர் ஒருத்தர்தான் முழுதாக நம்பினார். நம்பியதால்தான் பள்ளிக்கூட ரிக்கார்டில் ஊர் விலாசத்தைத் தேடி எடுத்து, அந்த நெருக்கடியிலும் தபாலாபீஸ் வரிசையில் நின்று, கேள்வித்தாளை ஆயிரம் மைல் தள்ளி அனுப்பியிருக்கிறார்.

இசக்கி பாஸானாள். மாட்டுங்கா காலேஜ் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. செம்பூரில் வேறொரு காலேஜில் வேறு பாடம் படித்தாள். இப்போது அங்கேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வருகிறவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புகிற வேலை. உள்ளே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் வேலை செய்வார்கள். ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்தாள். அவள் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

போன மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். அண்ணன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு தடித்த உறையை எடுத்து இசக்கி கையில் கொடுத்தான். "ஒனக்கு வந்த தபால்ளா. இத்தன வருசமாப் பத்திரமா வச்சிருக்கேன்" என்றான். டீச்சரின் குண்டு குண்டு எழுத்து. உள்ளே கேள்வித்தாளோடு ஒரு துண்டுக் காகிதம்: 'இசக்கி, ஊரில் போன் எடுக்காவிட்டால் கவலைப்படாதே. எழுதித் தபாலில் அனுப்பு. வாய்மொழியை உன் பெரியப்பா போனில் கேட்கிறேன். காத்திருக்கிறேன்.'

இசக்கி கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒரு கேள்வியில் நின்றாள். 'நீ வாழும் இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு.' அண்ணன் பிள்ளைகள் விடவில்லை. "பேசுக்கா, பேசுக்கா" என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முற்றத்தில் வேப்ப நிழலில் நின்று பேசினாள். தண்ணீர் வருகிற அரை மணி நேரம், மாலாவில் ஆடி மழை விழுகிற சத்தம், குயவர் சூளைப் புகை, அண்ணி முறைக்கு பாபி என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரி ஈத் அன்று திரைக்குள் நீட்டுகிற பாயசக் கிண்ணம். நடுவில் இந்தி வந்தால் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு தடவையும் அவள் தடுமாறவில்லை.

"இதுக்கு எத்தன மார்க்குல?" என்று அண்ணன் என்னிடம் கேட்டான்.

"பத்து."

"பத்தையும் குடுத்துருவோம்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கிளம்புகிற அன்று அந்த உறையை அவள் பைக்குள் வைக்கப் போனேன். இசக்கி அதை என் கையிலிருந்து வாங்கி, பெரியப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கயே இருக்கட்டும்பா. எம்பேருக்கு ஒரு தபாலாவது இந்த ஊர்ல கெடக்கட்டும்."