நகாட்டோவின் பக்கத்து இடம்

நகாட்டோ ஸ்பெசியோசா எந்த பெஞ்சிலும் ஓரமாகத்தான் உட்காருவாள். கம்பாலாவின் ந்திண்டா பகுதியில் எங்கள் ஆபீஸ் மாடியில், நீள பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தாலும் சுவரை ஒட்டி ஒடுங்கிக்கொள்வாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் சும்மா கிடக்கும். எதிர்க்கூரையில் பெரிய நாரைகள் மழையில் நனைந்தபடி நிற்கும். அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். கை கம்ப்யூட்டரில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள்.

"யாருக்கு நியாபோ இடம் பிடிச்சு வைக்கிற? மாப்பிள்ளைக்கா?" என்று வம்பிழுப்பேன்.

"இருக்கட்டும் ஸெபோ. இடம் என்ன உங்ககிட்ட சோறா கேக்குது?" என்பாள். நியாபோ என்றால் அம்மணி, ஸெபோ என்றால் ஐயா; எங்கள் ஊர் மரியாதை.

பகலில் கனவு காண்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் நான் நாள் முழுக்கத் தேடிய பிழையை, அவள் நாரையைப் பார்த்தபடியே சொல்லிவிடுவாள். அது இன்னும் எரிச்சல்.

கம்பாலாவின் பிரசவ கிளினிக்குகள் ஆளுக்கொரு விதமாகக் குழந்தைகளைப் பதிந்து அனுப்பும். நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றித் தருவது எங்கள் நிரல். வந்திருப்பது ஒரு பொருளா, பல பொருட்களை வைத்திருக்கும் பட்டியலா என்று அதற்கு முதலில் தெரிய வேண்டும். பட்டியல் போல வேஷம் போட்டு வருபவை நிறைய. ஒருமுறை ஒரு குழந்தையின் பெயரையே பட்டியல் என்று நம்பிவிட்டது. செம்பிஜா என்ற பெயருக்கு எங்கள் எழுத்தில் ஒன்பது எழுத்து. பெயர் எழுத்தெழுத்தாக உடைந்து, ஒரே பிரசவத்தில் ஒன்பது பிள்ளைகள் என்று அச்சானது. அந்தத் தாய்க்குச் சிரிப்பு, எனக்கு அவமானம்.

அந்த ரோஷத்தில் ஒரு விதி எழுதினேன். உள்ளே எத்தனை என்று எண்ணு, காலியானதைத் தள்ளு, ஒன்றே மிஞ்சினால் அது பட்டியல் இல்லை, தனி ஆள்.

நகாட்டோ அதை இரண்டு முறை படித்தாள்.

"இது தப்பு ஸெபோ. ஒண்ணுதான் இருக்குன்னாலும் பட்டியல் பட்டியல்தான். ஒண்ணுமே இல்லேன்னாலும்தான்."

"காலிப் பெட்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"பெட்டின்னு தெரிஞ்சா போதும்."

"நீ போய் நாரையப் பாரு" என்றேன். என் விதியே நிரலில் ஏறியது.

மூன்று வாரம் கழித்து, ஒரு கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஊரெங்கும் கக்குவான் இருமல் பரவிக்கொண்டிருந்த மாதம். ஆறு வாரக் குழந்தையோடு வந்த ஒரு தாய், அன்று அச்சாகி வந்த தடுப்பூசி அட்டையைத் திருத்தாமல் ஊசி போட விடமாட்டேன் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளாம். இருவரும் ஒரே போடாவில், வாடகை மோட்டார் சைக்கிளில், தொற்றிக்கொண்டு போனோம்.

முற்றத்து பெஞ்சில் குழந்தையை மார்போடு அணைத்தபடி இருந்தாள். எங்களைக் கண்டதும் அட்டையை நீட்டினாள்.

"நீங்கதானா அந்தக் கெட்டிக்காரங்க? படிங்க. சத்தமா."

படித்தேன். "பெயர், காட்டோ. ஒற்றைப் பிறப்பு."

"காட்டோன்னு நீங்களே அடிச்சிருக்கீங்க, ஒத்தைன்னும் நீங்களே அடிச்சிருக்கீங்க. முன்னால வாஸ்வா வராம காட்டோ எப்பிடிய்யா வருவான்? ரெண்டு பேரப் பெத்தேன். ஊரே என்ன நலோங்கோன்னு கூப்பிடுது. மூத்தவன் பறந்துட்டான், சரி. நான் ரெட்டைக்குத் தாய் இல்லேன்னு சொல்ல உங்க மிஷின் யாரு?"

எங்கள் ஊரில் இரட்டை ஆண் பிள்ளைகளில் மூத்தவன் வாஸ்வா, இளையவன் காட்டோ, பெற்றவள் நலோங்கோ. இரட்டையரில் ஒருவர் போனால் செத்தார் என்று நாங்கள் சொல்வதில்லை. பறந்தார் என்போம். தாயின் பட்டமும் போவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். என் விதிக்குத்தான் தெரியவில்லை. வாஸ்வாவின் இடம் காலியானதும் அதைத் தள்ளியிருக்கிறது, மிஞ்சிய ஒருவனைத் தனியாளாக்கியிருக்கிறது.

நகாட்டோ அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். என் வரியை அழித்தாள். உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல், பல பேரை வைத்துக்கொள்ளப் பிறந்ததா என்று மட்டும் பார்க்கும்படி மாற்றினாள். அவசரமே இல்லை. மாமரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஊசியோடு நின்ற நர்ஸ் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

புது அட்டை வந்தது. இரட்டைப் பிறப்பு. முதல் வரியில் வாஸ்வா, எதிரே வெற்றிடம். இரண்டாம் வரியில் காட்டோ. தாய் அந்த முதல் வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தையின் தொடையைத் துணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊசி இறங்கியதும் அவன் முற்றமே அதிர அழுதான்.

அவனைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "உம் பேரென்னம்மா?"

"நகாட்டோ."

தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உன் பாபிரியே எங்க?"

"ஆறாம் நாளே பறந்துட்டா."

மூன்று வருடம் நகாட்டோ என்று கூப்பிட்டிருக்கிறேன். இரட்டைப் பெண்களில் மூத்தவள் பாபிரியே, இளையவள் நகாட்டோ என்று இந்த ஊரில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் அக்கா எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் தரையைப் பார்த்தேன்.

நகாட்டோவுக்கும் அந்தத் தாய்க்கும் நடுவே ஒரு துணிப்பை இருந்தது. தாய் ஒரு கையால் அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகாட்டோவின் பக்கத்து இடத்தைக் காலியாக்கிக் கொடுத்தாள்.