அந்தோணிசாமி பெஞ்சு

சகாயராணிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கணவர் அந்தோணிசாமி இறந்ததும், செலியமேடு பஸ் நிறுத்தத்துப் புங்கமரத்தடியில் அவர் நினைவாக ஒரு பெஞ்சு போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்தோணிசாமி வாய் ஓயாத மனிதர். காலையில் பால் வாங்கப் போனால், ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துப் பால் திரிந்த பிறகுதான் வீடு வருவார். அவர் போனதும் வீடு ஊமையாகிவிட்டது. மகன் அரியாங்குப்பத்தில் குடியேறிவிட்டான். சகாயராணிக்குப் பேச்சுத்துணை டிவிதான், அதுவும் பதில் சொல்லாது. பெஞ்சில் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் தானும் போய் உட்காரலாம் என்பது அவர் ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கம்.

கல் வந்தது. பளபளவென்று கறுப்புக் கிரானைட். உட்காரும் இடத்திலேயே சிலுவை, பெரிய எழுத்தில் பேர், கீழே தோற்றம், மறைவு. கல்லறைக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துச் செதுக்கினார்களோ என்னவோ! சகாயராணிக்கு அது அழகாகவே பட்டது. எங்களில் யாருக்கும் வாயைத் திறக்கத் துணிச்சல் இல்லை.

ஒருவரும் உட்காரவில்லை. பக்கத்துப் பழைய சிமெண்ட் பெஞ்சில் இடம் இல்லையென்றால், மூட்டுவலிக்காரர்கள்கூட பஸ் வரும்வரை நின்றார்கள். காது மந்தமான கிழவர் வீரப்பன் அதன்மேல் மஞ்சப்பையைக்கூட வைக்கமாட்டார். சகாயராணி தினமும் சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு வருவார். காலியான பெஞ்சைப் பார்ப்பார். பக்கத்துப் பெட்டிக்கடைக்கு வந்தவர் போல ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். வீட்டில் தீப்பெட்டி குவிந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்று காலை பெஞ்சின் மேல் சாமந்தி மாலை, பக்கத்தில் எரிகிற மெழுகுவர்த்தி. எந்தப் புண்ணியவான் வைத்தாரோ தெரியாது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சகாயராணிக்கு அழுகை. எதிர்வீட்டுப் பவுனம்மாளைப் பிடித்து, ஏன் யாருமே உட்காரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேவிட்டார்.

“இன்னாடி கேக்குற? பேரு மேலயும் சிலுவ மேலயும் எப்பிடிடி உக்கார்றது? அவன் நெஞ்சு மேல உக்கார்ற மாரி இருக்குது. உக்காந்தா அடுத்த கல்லு எனக்குத்தான்.”

கொத்தனார் இருசப்பன் எழுத்தை இழைத்து எடுத்துவிடலாம் என்றார். சகாயராணிக்கு மனசு கேட்கவில்லை. பேர் இருந்தால் ஆள் வராது. பேரை எடுத்தால் அவரையே இன்னொரு முறை புதைத்த மாதிரி. குனிந்து கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

“திருப்பிப் போடுப்பா. பேரு அடியில இருக்கட்டும்.”

அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்குமே என்றார் இருசப்பன். வழுக்காது, வயசானவர்களுக்கு அதுதான் நல்லது என்றார் வீரப்பன். அதுவரை கம்மென்று இருந்தவர்களெல்லாம் திடீரென்று இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். உயரம் பத்தாது, எழுந்திருக்கும்போது முட்டி போகும் என்றார் பவுனம்மாள். ஒரு வரி செங்கல் ஏற்றினார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் தனக்குப் பேச்சே கேட்காது, வாயைப் பார்த்தால்தான் புரியும் என்றார் வீரப்பன். ரோட்டைப் பார்த்துக் கிடந்த பழைய சிமெண்ட் பெஞ்சை நகர்த்தி எதிரெதிராகப் போட்டார்கள்.

இப்போது சாயங்காலம் ஆனால் இடம் கிடைப்பதில்லை. பாகூர் பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் பலர் எழுந்திருப்பதில்லை, அவர்கள் பஸ்சுக்கா வந்தார்கள்? சகாயராணி ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையைக் கல்லுக்கு அடியில் வைத்துக்கொள்வார். விரல் எழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். வாய் மட்டும் ஓயாது.

போன வாரம் பவுனம்மாளின் பேத்தி போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்.

“அந்தோணியாண்ட உக்காந்துனு இருக்கேன். பேசிட்டு வரேன்.”

சகாயராணியின் பேச்சு பாதியில் நின்றது. கண் நிறைந்துவிட்டது. இருட்டிய பிறகுதான் எழுந்தார். கடையைத் தாண்டி, தீப்பெட்டி வாங்காமல் வீட்டுக்குப் போனார்.