சிம்பாங்கில் திரும்பும் சத்தம்

எதிர்வீட்டுக் குணசுந்தரிக்கு அந்த மோரிஸ் மைனர் கார் எதற்கு என்று எங்கள் ஊர் பண்டார் பாருவிலேயே அதிகமாகச் சலித்துக்கொண்டவள் நான்தான். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. காலையிலும் மத்தியானமும் பள்ளி வேன் ஓட்டுகிறாள். வீட்டில் தனியாள். ஓடாத கார் ஒன்று ஆறு வருஷமாக அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "வித்துத் தொல லா" என்று நான் சொல்லாத மாதமில்லை.

அவள் புருஷன் தர்மலிங்கம் பிரித்துப் போட்ட எஞ்சின் அது. திருப்பி மாட்டுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

"அதுல ஏறிப் போவணும்னு ஆச இல்லக்கா," என்றாள் ஒருநாள். "அந்தச் சத்தத்த ஒரு தடவ கேக்கணும். அவ்ளோதான்."

எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருஷம் நானும் கேட்டவள்தானே. சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் சாலை பிரியும் முனையில், அந்தச் சிம்பாங்கில், தர்மலிங்கம் கியரைக் குறைத்துத் திரும்புவார். கார் பொறுபொறுவென்று முனகும். என் சீரியலில் முக்கியமான வசனம் எப்போதும் அந்த நேரத்தில்தான் வரும், ஒன்றும் காதில் விழாது. அங்கே குணசுந்தரி தேத்தண்ணி கலக்க ஆரம்பிப்பாள். அவர் உள்ளே வரும்போது கிளாஸ் மேசையில் இருக்கும், மூன்று கரண்டி சீனியோடு.

தர்மலிங்கத்தின் கூட்டாளி முருகையா, தோட்டத்து லாரிகளைப் பழுது பார்த்தே வயதானவர். இனிப்பு நீர் நோயில் கால்விரல் இரண்டைப் பறிகொடுத்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் "எனக்கு கோசோங்" என்று சீனியில்லாத தேத்தண்ணிதான் கேட்பார். அவர் வந்து பார்த்துவிட்டு, நான்கு பிஸ்டனும் புதிதாக வேண்டும் என்றார். கார் கிராண்டில், அதாவது பதிவுப் பத்திரத்தில், இருந்த எஞ்சின் எண்ணைச் சொல்லி பினாங்கிலிருந்து வரவழைத்தார்கள். வந்தவை அளவு பத்தாமல் உள்ளே இறங்கிக் கடகடவென்று ஆடின. தர்மலிங்கத்துக்கு முன்பு காரை வைத்திருந்தவர் எப்போதோ வேறு எஞ்சினை மாற்றியிருக்கிறார்.

"எஞ்சின்ல ஒரு தகடு இருக்கும். அதுல உள்ள நம்பர பாரும்மா," என்றார் முருகையா.

தகடு இருந்தது, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு. எண்தான் இல்லை.

குணசுந்தரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குத்துவிளக்கோடு சேர்த்து அந்தத் தகட்டையும் புளியும் இரும்பு நாரும் போட்டுத் தேய்த்தவள் அவள்தான். பிறகு அதன் நடுவில் சந்தனம், குங்குமம். "எஞ்சினுக்கு மூஞ்சி கழுவி வுடுறியா?" என்று தர்மலிங்கம் சிரிப்பாரே தவிர, ஒருநாளும் தடுத்ததில்லை.

"என் கையாலயே அழிச்சிட்டேன் அண்ணே."

முருகையா திட்டவில்லை. பிஸ்கட் டின்னில் கிடந்த உடைந்த பழைய பிஸ்டன்களை எடுத்துக் கொடுத்தார். அவற்றின் தலையில் கரி கெட்டியாகப் பிடித்திருந்தது. "இதுக்கு அடியில சைஸ் அடிச்சிருப்பான். மண்ணெண்ண போட்டு ஊற வச்சி மெதுவா தேய். புளி வேணாம்."

இரண்டு நாள் துணியால் தேய்த்தாள். மூன்றாம் நாள் என் வாசலுக்கே ஓடிவந்து பிஸ்டனை நீட்டினாள். எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அந்த அளவு பிஸ்டன்களைத் தேடி பினாங்கு, அலோர் ஸ்டார் என்று ஏழு மாதம் அலைந்தாள். கடைசியில் கூலிமில் ஒரு சீனர் வீட்டுக் கொட்டகையில், எண்ணெய்த் தாளில் சுற்றியபடி நான்கும் கிடைத்தன. எஞ்சினைப் பூட்டி முடிக்க முருகையாவுக்கு மேலும் ஒரு மாதம் பிடித்தது.

வண்டி கிளம்பிய அன்று எல்லாரும் அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னோம். மறுத்துவிட்டாள். "நீங்க சிம்பாங் வரைக்கும் போயி, திரும்பி வாங்க அண்ணே," என்று முருகையாவை அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிம்பாங்கில் அந்த முனகல், பொறுபொறுவென்று. அதே சத்தம். குணசுந்தரியின் கை தானாகப் போய் சீனி டப்பாவைத் திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

உள்ளே வந்தவர் முருகையா.

அவர் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்தார். சட்டென்று நிறுத்தி, கிளாஸைப் பார்த்து, என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த மடக்குக்கு வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதிங்க அண்ணே," என்றாள் குணசுந்தரி. "அது அவருக்குக் கலக்குனது."

கிளாஸை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. வாசல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்:

"இன்னொரு தடவ போய்ட்டு வாரிங்களா அண்ணே?"

முருகையா சாவியை எடுத்தார். இந்த முறை நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.