அம்மாவுக்குக் கொடுத்த வெள்ளிக்காசு

அம்மாவின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, பரண்மேல் இருந்த பழைய பானைக்குள் கைவிட்டு அந்தத் துணி முடிச்சை எடுத்தேன். அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "நான் போன பொறவு நீ எட்த்துக்கோ. யார்கிட்டயும் காட்டாத" என்று சொல்லியிருந்தாள்.

உள்ளங்கைக் குழியை நிரப்பும் அளவுக்குப் பெரிய வெள்ளிக்காசு. முழுக்கக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள். ஓரத்தில் பல பாஷை எழுத்துகளுக்கு நடுவே தமிழும் இருந்தது.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஊர். ஊரைத் தாண்டினால் காலனி. அம்மா காலனியிலிருந்து ஊருக்குள் போய்க் களை எடுப்பாள், நாற்று நடுவாள், பிரசவமும் பார்ப்பாள். ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவ வலி கண்ட அன்று செய்யாற்றில் வெள்ளம். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்கள், கொல்லை வழியாக. குழந்தை கால் முன்னே வந்தது. அம்மா தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். தீட்டு கழிந்த பிறகு அந்த மருமகள் அம்மாவைக் கொல்லைக்கு வரச்சொல்லி, தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இந்தக் காசை முந்தானைக்குள் போட்டு அனுப்பினாள்.

அம்மா அதை விற்கவில்லை, அடகும் வைக்கவில்லை. காலனிக்காரி கையில் இப்படி ஒரு காசைப் பார்த்தால் யாரும் முதலில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நான் காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராக இருக்கிறேன். அங்கே வரலாறு சொல்லித்தரும் மேடம், சென்னையில் பழங்காசு பார்க்கும் ஒருவரின் விலாசம் கொடுத்தார். அது உண்மையான காசுதானா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். விற்கும் எண்ணம் இல்லை.

அவர் காசைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். "எந்த ஊரும்மா?" சொன்னேன். "இது மண்ணுல கெடச்சதா? ஏரியில நூறு நாள் வேலை செய்யும்போது கெடச்சிருந்தா கவர்மெண்டுக்குத்தான் சேரணும். நான் தொட மாட்டேன்."

"எங்கம்மாவுக்குக் குடுத்தது சார்."

"யார் குடுத்தாங்க?"

முழுக்கச் சொன்னேன். நம்பினாரோ என்னவோ, விளக்கைப் போட்டார். எடை பார்த்தார். விளிம்பைச் சுற்றிச் சுற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு முகம் மாறிவிட்டது. காசை லேசாகச் சாய்த்து என்னையும் பார்க்கச் சொன்னார். கோபுரத்துக்கு அடியில், நிழல் மாதிரி வேறு ஏதோ எழுத்து தெரிந்தது.

"கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வெளிநாட்டு வெள்ளிக்காசு மேலயே இந்த அச்சை அடிச்சிருக்கான். அடியில பழசு கொஞ்சம் மிச்சம் இருக்கு பாருங்க. போலிக் காசுல இது இவ்ளோ இயல்பா வராது. அரைப் பூவராகன்னு சொல்வாங்க இந்தக் காச. அசல்."

அது மட்டுமில்லை. "புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்ச்சு நாசம் பண்ணிட்டுத்தான் எங்கிட்ட கொண்டு வருவாங்க. இதுல ஒரு கீறல் இல்ல. இந்தக் கறுப்புதான் இதோட தோல். உங்கம்மாவுக்கு இதோட அருமை தெரிஞ்சிருக்கு" என்றார்.

அருமை தெரிந்து இல்லை, பயந்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை எடுத்துக் குங்குமம் வைக்கக்கூடத் தைரியம் இல்லாதவள் எங்கே தேய்ப்பாள்?

துணி ஒட்டி எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்த இடத்துக்காக மட்டும், கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தார். நூல்கள் தானாகப் பிரிந்து மிதந்தன. துடைக்காமல் காற்றிலேயே உலரவிட்டார். இதைத் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினால் கிரேடு போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள் என்றார்.

"அவங்க காசைத்தான் பாப்பாங்க. ஆனா நாளைக்கு உங்கள யாராவது கேட்டா? குடுத்த அம்மா உயிரோட இருக்காங்கன்னா ஒரு வார்த்தை எழுதி வாங்கிடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். அந்த மருமகள் இப்போது கிழவி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அவ பொண்ணா நீ? வாடி" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. விஷயத்தைச் சொல்லி, போனில் இருந்த காசின் படத்தைக் காட்டினேன்.

உள்ளே இருந்து அவள் மகன் வந்தான். என் அம்மா காலைப் பிடித்து வெளியே எடுத்த அதே பிள்ளை. நரைத்த மீசை, வெள்ளை வேட்டி. போனை வாங்கி நெடுநேரம் பார்த்தான்.

"எங்க ஆயா சொல்லிக்கினே இருக்கும். இது எங்க வூட்டு காசாச்சே. உனுக்கு எப்டி வந்துச்சு?"

"உங்க அம்மாதான் எங்கம்மாவுக்குக் குடுத்தாங்க. நீங்க பொறந்தப்ப."

"பிரசவம் பாத்ததுக்கு நெல்லுதான் அளப்பாங்க. இத்த எவன் குடுப்பான்? வூட்டுக்குள்ள வந்தவ எட்த்துக்கினு போயிருப்பா." அவன் தாயிடம் திரும்பினான். "இன்னாம்மா, நீ குட்த்தியா?"

கிழவி போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"எப்பவோ நடந்தது. எனுக்கு இன்னா ஞாபகம் கீது?"

அந்த வாரமே அவன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டான். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். காசை யார் கொடுத்தது, சாட்சி யார், இத்தனை வருஷம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவனிடமும் ஆதாரம் எதுவும் இல்லை என்பதால் கேஸ் போடவில்லை. "பெரிய மனுசங்ககிட்ட பகை எதுக்கு, பேசித் தீத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வரிசையில் கிழவியைப் பார்த்தேன். தனியாக இருந்தாள். அவளாகவே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஞாபகம் கீதுடி. உங்கம்மா இல்லன்னா நானும் இல்ல, அவனும் இல்ல."

"அப்ப ஏம்மா அன்னிக்கி சொல்லல?"

"அவன் போட்ற சோத்தத் துன்னுகினு கீறேன். இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"பேனா வெச்சிருக்கேன். இங்கயே நாலு வரி எழுதிக் குடுங்க."

பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். "அவனுக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்" என்று சொல்லி, வரிசையில் முன்னால் நகர்ந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். என் அம்மா திருடி என்று ஊரெல்லாம் பேசும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

காசைத் தரம் பார்க்க அனுப்பினேன். அசல் என்று எழுதி, நல்ல கிரேடு போட்டு, சீல் வைத்து வந்தது. சென்னைக்காரர் போனில் சந்தோஷத்தில் கத்தினார். இந்த நிலையில் இந்தக் காசு கிடைப்பதே அரிது என்றார். எனக்கு அதை வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. காலனியிலும் சொல்ல முடியாது. ஏனென்றால் ஸ்டேஷனுக்குப் போன அந்தப் போகம் முதல் கிழவியின் மகன் தன் வயல் வேலைக்குக் காலனிப் பெண்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். நடவுக்குத் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து வேனில் ஆள் ஏற்றி வந்தான்.

ஒருநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் சித்தி என்னை மறித்தாள். அம்மாவின் கூடப் பிறந்தவள். அம்மாவோடு அதே வயலில் நாற்று நட்டவள்.

"உனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. எங்களுக்கு? அந்தக் காச அவன்கிட்டயே தூக்கிப் போட்டுட்டா இன்னாடி?"

"அது அம்மாவோடது சித்தி."

"அவதான் செத்துட்டாளே."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மற்ற பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் முறை வரும்வரை நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.