டர்போவுக்கு இரண்டு நிமிடம்

என் மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு அவளுடைய தாய்மாமன் வருவாரா, மாட்டாரா என்பது போன மாதம் இரண்டே நிமிடத்தில் முடிவாகிவிட இருந்தது. மாட்டார் என்று.

காரணம் நான் வாங்கிய கார். சரியாகச் சொன்னால், அந்தக் காரை நான் நிறுத்தாமல் இருந்தது.

புதுக் கார் இல்லை, பழையது. தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்த டர்போ டீசல் வண்டி. முன்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் வைத்திருக்கிற கார்தான். பின்னால்தான் வித்தியாசம். டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை முடியாமல் நீண்டுகொண்டே போய், ஒரு பெரிய பின்கதவில் போய் நிற்கும். ஸ்டேஷன் வேகன் என்பார்கள். நம் ஊரில் இதை யாரும் விரும்பி வாங்குவதில்லை. அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

வாங்குவதற்கு முன் நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சும்மா கையெழுத்துப் போடுவேனா? கதவுகள் ஐந்தையும் இரண்டு முறை திறந்து மூடினேன். டயர்களை ஸ்டெப்னியோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் பதினொரு பட்டன். அதில் எது எதற்கு என்று டாக்டரையே கேட்டேன். அவருக்கு நான்குதான் தெரிந்திருந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை, வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார்.

“சார், டர்போ வண்டி. ஓட்டிட்டு வந்து உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. எஞ்சினுக்குக் காத்து தள்ளுற சக்கரம் உள்ள நெருப்பா சுத்திக்கிட்டிருக்கும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்க. இல்லேன்னா ஆயில் கருகி டர்போ போயிடும். போச்சுன்னா...”

அவர் முடிக்கவில்லை. பல் பிடுங்குகிற டாக்டர் பாதியில் பேச்சை நிறுத்தினால் நமக்கு எவ்வளவு பயம் வரும்?

அவர் ஒரு நிமிடம் என்றார். நான் இரண்டாக வைத்துக்கொண்டேன். மாத்திரையைத் தவிர மற்ற எதிலும் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடுவது பாதுகாப்பு என்பது என் கட்சி.

வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. டீக்கடை சுப்பையன் வெளியே வந்து, முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து பார்த்தார்.

“என்ன சார், அமரர் ஊர்தி சர்வீஸா? நல்ல தொழில்தான். ஆளு குறையாது.”

“சொந்தத்துக்கு வாங்கினேன்.”

“அதுக்குள்ள எதுக்கு சார் அவசரம்?”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லையே. நான் இறங்கி வருவதற்குள் அவர் போட்டுவைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

இதெல்லாம் தஞ்சாவூரோடு போயிருக்க வேண்டியது. வலங்கைமான் வரை போய்விட்டதுதான் வம்பு.

என் மனைவி வசந்தாவின் அண்ணன் ராஜமாணிக்கம் வலங்கைமான் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். எனக்கு மச்சான். நித்யாவுக்குக் காது குத்தியது அவர் மடியில் உட்கார வைத்துத்தான். அவளுக்குக் கல்யாணம் என்றால் மாமன் சீர் கொண்டுவந்து, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் அவர். அவர் இல்லாவிட்டாலும் தாலி ஏறும். ஆனால் ‘தாய்மாமன் எங்கே?’ என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வசந்தா பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

மச்சானுக்கு ஏற்கெனவே கோபம். மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று தேதி குறித்ததால் நிச்சயதார்த்தத்துக்கு அவரைப் போனில்தான் அழைக்க முடிந்தது. வந்தார். வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டார். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அறிக்கை எதுவும் கிடையாது.

எனவே கல்யாணப் பத்திரிகையை முதலில் அவருக்குத்தான் வைப்பது, நேரில் போய், தட்டு வைத்து, முறையாக அழைப்பது என்று புறப்பட்டோம். தட்டில் பழம், வெற்றிலை, மஞ்சள், குங்குமம், பூ, வேட்டி, சேலை, எல்லாவற்றுக்கும் மேல் பத்திரிகை. வழியெல்லாம் வசந்தா தட்டை மடியைவிட்டு இறக்கவில்லை.

வைகாசி வெயில். கோடை நெல்லைப் பாதிச் சாலையில் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரே வருகிற பஸ்ஸும் நானும் போக வேண்டும். மச்சான் வீடு வரை பதினேழு வேகத்தடை. நீளமான வண்டி என்பதால் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் தப்பித்ததா என்று கவலைப்பட்டு முடிப்பதற்குள் பின்பக்கத்துக்குக் கவலைப்பட வேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்களை வரவேற்றிருக்கலாம். அப்படிச் செய்யாமல் தெருவுக்கே வந்து நின்றார். பாதிக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

வசந்தா தட்டோடு இறங்கிவிட்டாள். நான் இறங்கவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, என் கண் கடிகாரத்தில் இருந்தது. மச்சானின் உதடு அசைந்தது. ‘வாங்க மாப்ள’ என்றிருக்கிறார். நான் புன்னகையோடு ஒரு விரலைக் காட்டினேன். ஒரு நிமிடம், வருகிறேன் என்று.

மச்சான் என் விரலைப் பார்த்தார். ஓடுகிற எஞ்சினைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே அர்த்தம்தான் — வந்தவர் உட்கார வரவில்லை, கொடுத்துவிட்டுக் கிளம்ப வந்திருக்கிறார். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் டர்போதான் ஞாபகத்தில் இருந்தது.

முழுதாக இரண்டு நிமிடம் முடித்து, திருப்தியோடு இறங்கி உள்ளே போனேன். கூடத்தில் வசந்தா மட்டும் உட்கார்ந்திருந்தாள். தட்டு அவள் மடியில் அப்படியே இருந்தது.

“உங்க டர்போ சௌக்கியமா இருக்கா?” என்றாள்.

“என்ன ஆச்சு?”

“வண்டிய நிறுத்தக்கூட மனசில்ல, வாசல்லயே விட்டெறிஞ்சிட்டுப் போகட்டும்னு சொல்லிட்டு அண்ணன் கொல்லைப் பக்கமா போயிட்டாங்க. தட்டை வாங்கிக்கல.” தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “அண்ணன் இதை வாங்கிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது.”

மச்சானின் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தார்.

“நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. காலையில வயல் மோட்டாரு எரிஞ்சு போச்சு. அந்தக் கடுப்பு வேற. போர்செட்டுக்குத்தான் போயிருப்பாரு.”

போனேன். மச்சான் மோட்டாரைக் கழற்றி வெளியே உருட்டி வைத்து, அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். எதிரே குறுவைக்கு விட்ட நாற்றங்கால். இப்போதுதான் பச்சை தலைகாட்டியிருந்தது. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, மோட்டாரை நம்பித்தான் இருந்தது அத்தனையும். அந்த வெயிலில் ஒரு பகல் காய்ந்தால் போதும், வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும்.

“மச்சான்...”

“வாங்க. வண்டி ஓடிக்கிட்டிருக்கா, நிறுத்திட்டீங்களா?”

“நிறுத்திட்டேன்.”

“ஏன், டீசல் தீந்துபோச்சா?”

டர்போவைப் பற்றிச் சொன்னேன். நெருப்பு, சுற்றல், ஆயில், பல் டாக்டர் எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார்.

“சூட்டோட விட்டா அது கெட்டுப்போயிடும்?”

“ஆமாம்.”

“நான் கெட்டுப்போனா பரவால்ல. வாங்கன்னு கூப்பிடுறேன், பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி விரலைத் தூக்கிக் காட்டுறீங்க. என் பொண்டாட்டி பாத்துக்கிட்டு நிக்கிறா.”

நான் மோட்டாரைப் பார்த்தேன்.

“இதை எப்ப எடுத்துட்டுப் போறீங்க?”

“கரண்டுல ஒரு ஃபேஸ் போயிருக்கு, கவனிக்கல. காயில் கட்டணும். லோடு ஆட்டோ நெல்லு ஏத்தப் போயிருக்கான். சாயங்காலம் வரேங்கிறான்.” நாற்றங்காலைப் பார்த்தார். “சாயங்காலம் வந்து என்ன பண்றது?”

“என் வண்டியில ஏத்திடலாம் மச்சான்.”

“கார்லயா? அதும் சீட்டுலயா?”

பேச்சை வளர்க்காமல் வண்டியை ரிவர்ஸிலேயே, மோட்டாருக்குப் பக்கத்திலிருந்த களம் வரை கொண்டுவந்தேன். பின்கதவைத் தூக்கி, பின்சீட்டு முதுகை மடக்கிப் படுக்கப் போட்டேன். உள்ளே ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் விரிந்தது. மச்சான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தின் இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

“உரம் எத்தனை மூட்டை போகும் இதுல?”

சாக்கை விரித்து, இரண்டு பேருமாக மோட்டாரைத் தூக்கி வைத்தோம். என் இடுப்பு ஒரு சத்தம் போட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

வலங்கைமான் சாலையில் எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையையே அடைத்துக்கொண்டு போனது. கொஞ்சம் இடம் கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்லிய விசிலோடு பாய்ந்தது. மச்சான் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது.

“என்ன மாப்ள, பின்னாலேர்ந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு?”

“அதுதான் டர்போ.”

கொஞ்ச தூரம் அவர் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே, “இன்னொரு வாட்டி தள்ளச் சொல்லுங்க” என்றார்.

தள்ளச் சொன்னேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இந்த வயதில் இது கூடாதுதான். ஆனால் மகளுடைய கல்யாணம் அந்த ஒரு மிதியில் இருந்தது.

காயில் கட்டும் கடை வாசலில் நிறுத்தினேன். வண்டியை மட்டும்தான், எஞ்சினை அல்ல. கை சாவிக்குப் போனது. மச்சான் தடுத்துவிட்டார்.

“இருங்க. ரெண்டு நிமிஷம்னீங்களே.”

“பரவாயில்லை மச்சான். போனா போகட்டும்.”

“உக்காருங்க மாப்ள.”

உட்கார்ந்தோம். எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்கள், பார்க்க எதுவும் இல்லாத ஒரு சுவருக்கு எதிரே, இறங்கவும் முடியாமல். அப்படி உட்கார்ந்தால் பேசித்தான் ஆக வேண்டும்.

“நிச்சயத்துக்குப் போன்ல சொன்னீங்க” என்றார் மச்சான்.

“நாள் ரொம்பக் கிட்ட இருந்துச்சு மச்சான். அலைச்சல்.”

“தெரியும். நானும் வீட்டுல ரெண்டு கல்யாணம் பண்ணி வச்சவன்தான். நேரமில்லைன்னு நினைச்சுத்தான் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு வாசல்ல நிக்கும்போதுதான் மனசு விட்டுப்போச்சு.” டாஷ்போர்டை ஒரு விரலால் தட்டினார். “இந்த இரும்புக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு உங்ககிட்ட.”

“நீங்க வரலேன்னா வசந்தா சாப்பிட மாட்டா மச்சான். நானும்தான்” என்றேன்.

“நீங்க சாப்பிடுவீங்க” என்றார். “அவ மாட்டா.”

பிறகு சிரித்தார். நான் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

நம் எல்லோரிடமும் இப்படி ஒரு டர்போ இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவர் புது போனுக்கு உறை மேல் உறை போடுகிறார். இன்னொருவர் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற விடுப்பு எடுக்கிறார். சொந்தக்காரர் விஷயத்தில் மட்டும், ‘அவருக்கென்ன, புரிந்துகொள்வார்’ என்று விட்டுவிடுகிறோம். அவர்களை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் கையேடு அச்சடித்துக் கொடுக்கவில்லை, அதனால் இருக்கலாம்.

கடைக்காரர் எரிந்த மோட்டாரை வாங்கிக்கொண்டு, வேலை முடியும்வரை பயன்படுத்த ஒரு பழைய மோட்டாரைக் கொடுத்தார். அதையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். மதியத்துக்குள் தண்ணீர் பாய ஆரம்பித்தது. நாற்றங்காலின் ஓரம் வரை நனைந்துவிட்டதா என்று மச்சான் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தார். அவர் பார்த்தது போதாதென்று நானும் ஒரு சுற்றுப் போய்வந்தேன்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, மனைவியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார் மச்சான்.

“குடும்மா” என்றார்.

வசந்தா எழுந்து தட்டைக் கொடுத்தாள். இத்தனை நேரம் வராத கண்ணீர் அவளுக்கு அப்போது வந்தது. மச்சான் பத்திரிகையை எடுத்துத் தன் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. நான் மூன்று முறை படித்துத் திருத்தியது.

“மாமன் சீரு ஜாம்ஜாம்னு வரும்” என்றார். “ஆனா ஒண்ணு மாப்ள. இருபத்தொரு தட்டு. லோடு ஆட்டோல கொண்டாந்தா நல்லாவா இருக்கும்? கல்யாணத்தப்ப வண்டிய ஒரு ரெண்டு நாளைக்கு இங்க விடுங்க. எனக்கு லைசென்ஸ் இருக்கு.”

அன்றைக்கு அவர் வண்டியையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆனியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது. மச்சான் முகூர்த்தத்துக்கு முதல் நாளே குடும்பத்தோடு என் வண்டியில் வந்து இறங்கினார். சீர்த் தட்டு இருபத்தொன்று, எண்ணிப் பார்த்தேன். மாலை போட்டார். நித்யாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வசந்தா அதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்து போயாகிவிட்டது. பந்தல் பிரித்தாகிவிட்டது. இரவல் வாங்கிய பாத்திரமெல்லாம் திரும்பக் கொடுத்தாகிவிட்டது.

மச்சானோடு வலங்கைமானுக்குத் திரும்பிப் போன கார்தான் இன்னும் வரவில்லை. போன் செய்தால், உரம் ஏற்றப் போயிருக்கிறதாம்.