கிரைண்டர் பக்கத்தில் படுத்திருந்த கால்

“காலு வீட்டுல கெடக்குமாம், அதை வேவு பாக்குற பொண்ணு டவுனுல உக்காந்திருக்குமாம்.” பஸ்ஸில் முன் இருக்கை அக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வேவுக்காரி நான்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் வேலை. முறிந்த எலும்பில் பிளேட் வைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் காலில் சென்சார் பெல்ட் ஒன்றைக் கட்டி அனுப்புவோம். காலின் அசைவு, சூடு, ஊன்றும் பாரம் எல்லாம் அவர்கள் செல்போன் வழியாக என் திரைக்குக் கோடுகளாக வரும். கோடு தப்பாகப் போனால் போன் போட்டுக் கண்டிக்க வேண்டும். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு புரியும்.

கிரைண்டர்

முருகேசன் அண்ணன் எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வலது முழங்காலுக்குக் கீழே முறிவு. ஆறு வாரம் ஊன்றக் கூடாது. இரண்டாம் வாரமே காலை எட்டு மணிக்கு அவர் கோடு பொடிப்பொடியாக நடுங்கியது. நடுநடுவே பாரமும் ஏறியது. மறுநாளும் அப்படியே. குளிர்காய்ச்சலோ என்று பயந்து போன் போட்டேன். பின்னால் டபடபவென்று சத்தம்.

“கிரைண்டரு ஓடுது தாயி. அது பக்கத்துல படுத்திருக்கேன்” என்றார்.

நம்பிவிட்டேன். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தெனமும் இவ்வளவு மாவாட்டுனா ஊருக்கே இட்லி போடலாம். அவரு வண்டி ஓட்டுறாரும்மா. பிளேட் வளைஞ்சா மறுபடி திறக்கணும், காலே குட்டையாயிரும். சொல்லிருங்க.”

ஆணி

முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். அடுத்த நாளிலிருந்து கோடு அலுங்கவில்லை. பாரம் இல்லை, நடுக்கம் இல்லை. டாக்டருக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் சூட்டைக் காட்டும் கோடு உறுத்தியது. காலையில் குளிர்ந்து கிடந்தது; மத்தியானம் எந்தக் காய்ச்சலிலும் வராத உயரத்துக்குப் போனது; சாயங்காலம் இறங்கியது. ஒரு மனிதனின் கால் வெயிலோடு ஏறி இறங்குமா?

அவர் போனை மனைவி செல்வி அக்கா எடுத்தார். “அவுக தூங்குறாக.”

“பெல்ட் எங்கக்கா இருக்கு?”

 அக்கா மெதுவாகச் சொன்னார்: “தகரக் கொட்டகை ஆணியில தொங்குதும்மா. போனையும் வச்சிட்டுப் போயிட்டாக. ஒரு மாசம் ஸ்டாண்டுல வண்டி நிக்கலைன்னா ஆளேத்துற முறை போயிரும். பின்னால நிக்கிற பாண்டிக்குக் குடுத்துருவாக. அப்புறம் நாங்க எங்க போறது?”

முறை

அன்று நான் பஸ் ஏறியது இதற்குத்தான். எம்.ரெட்டியபட்டி ஆட்டோ ஸ்டாண்டில் முருகேசன் அண்ணன் வண்டி முன்னால், பாண்டி அண்ணன் வண்டி பின்னால். முருகேசன் அண்ணனுக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. ஆறு பேரோடு நானும் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி பிரேக் மேல் வைத்தார். பாதம் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. பிடரியில் வியர்வை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சீட் நடுங்கியது. திரையில் பார்த்த அதே நடுக்கம். முன்னால் குனிந்து கேட்டேன்:

“மாவு ஆட்டியாச்சாண்ணே?”

எஞ்சினை அணைத்தார். திரும்பவில்லை. “நீயா தாயி?”

“கால் குட்டையாயிரும்ணே.”

“காலு போனா நொண்டிக்கிட்டாவது ஓட்டுவேன். முறை போனா?”

பின்னாலிருந்து ஹாரன். பாண்டி அண்ணன் இறங்கி வந்தார். “ஏலே, எடுக்கிறியா, இல்ல எனக்கு விடுறியா?”

முருகேசன் அண்ணன் மறுபடி இரண்டு கையாலும் காலைப் பிடித்தார். பாண்டி அண்ணன் குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார். போய்த் தன் வண்டியை வரிசையிலிருந்து விலக்கி ஓரமாக நிறுத்திப் பூட்டினார். வந்து, முருகேசன் அண்ணனைக் கைத்தாங்கலாக என் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் காலைத் தூக்கி என் மடியிலிருந்த பைமேல் வைத்தார். பிறகு முருகேசன் அண்ணன் சீட்டில் உட்கார்ந்து, முருகேசன் அண்ணன் முறைக்கு வண்டியை எடுத்தார்.