மில்லி அக்கா

தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை அளவுக் குடுவையின் கோட்டுக்கு நேராகக் கொண்டுவருகிறார். மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார். "இருநூத்திப் பத்து!" கட்டிலில் இருப்பவர் பரீட்சையில் தேறிவிட்டவர் போலச் சிரிக்கிறார்.

இருபத்தாறு வருடங்களாக நோயாளிகளின் சிறுநீரை அளந்து எழுதும் இந்த நர்சுக்கு வார்டு வைத்த பெயர் மில்லி அக்கா. "மேலேருந்து பாத்தா கூடுதலாத் தெரியும், கீழேருந்து பாத்தா குறைச்சலாத் தெரியும். ஒண்ணுக்குதானேன்னு நெனச்சா ஆச்சா?" கேன்டீனில் டீ வாங்கினாலும் டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிவிடுவார். "நூத்தம்பதுன்னான். நூத்தி முப்பதுதான் இருக்கு." கேன்டீன்காரர் இவர் தலை தெரிந்தாலே தாராளமாக ஊற்றுகிறார்.

என் மாமனாருக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் சிறுநீரகம் சண்டித்தனம் செய்தது. "நாலு மணிக்குள்ள முந்நூறு மில்லியாவது வரணும். இல்லைன்னா டயாலிசிஸ்தான்" என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனார். மாமனார் ஆடிப்போய்விட்டார். நானும்தான்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தபோது கட்டிலடியில் இருந்த சிறுநீர் பாட்டில் பளபளவென்று காலி.

"ஒண்ணுமே போகலையா ஐயா?"

"போனேனே!" என்று மாமனார் அலறினார்.

மாமியார் மெல்ல வாய் திறந்தார். "பாக்க ஆளுங்க வந்தாங்க. அசிங்கமா இருக்கேன்னு கொட்டிக் கழுவி வெச்சேன். பாதி பாட்டில் இருந்திருக்கும்."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "தங்கத்தைக் கொட்டிட்டீங்களேம்மா! கண்ணால பாக்காததை நான் எழுத மாட்டேன்." 'கொட்டப்பட்டது, அளவு தெரியாது' என்று மட்டும் தாளில் குறித்தார்.

அப்புறம் வார்டுக்கு வேறு வேலையே இல்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று அடுத்த கட்டில்காரர் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். "இப்படி எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி வரும்?" என்று மாமனார் திரையை இழுத்துக்கொண்டார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிப்பும் அடங்கவில்லை.

மூன்றே முக்காலுக்குத் திரைக்குள் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை நிற்காமல்.

அக்கா குடுவையில் ஊற்றி மண்டியிட்டார். அறியாமலே நாங்களும் மண்டியிட்டிருந்தோம். "முந்நூத்தி நாப்பது! நிறமும் வைக்கோல் மாதிரி அருமை!" வார்டே கைதட்டியது. மாமியார் மட்டும் அழுதுகொண்டே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியபடி நின்றார்.

அக்கா எண்ணை எழுதினார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார். பிறகு குடுவையை இரண்டு கைகளாலும் ஏந்திவந்து, லேசாகத் தலை குனிந்து, மாமியாரிடம் நீட்டினார்.

"இப்பக் கொட்டுங்கம்மா."